தாழ்ப்பாள் முதல் காட்சியிலேயே கேட்க வேண்டும்: பழைய பேய்க்கதையை ஒலி நாடகமாக்கும் வழி

போன ஐப்பசி மழையில் நாங்கள் ஐந்து பேர் ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வீட்டைச் சொல்லிவைத்து, நாலு ராத்திரி அங்கேயே தங்கி, 34 நிமிடத்துக்கு ஒரு ஒலி நாடகம் பதிவு செய்தோம். கேட்டவர்களில் சிலர், குறிப்பாக நாமும் ஒன்று செய்து பார்க்கலாமே என்று நினைக்கிற கல்லூரிப் பிள்ளைகள், எப்படிச் செய்தீர்கள், என்ன மைக், எவ்வளவு செலவு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதற்கென்று புதுச் சத்தம் எதையும் தேடி அலையாதீர்கள். கதை நடக்கிற வீட்டை முதல் பத்து நிமிடத்தில் கேட்பவரின் காதுக்கு நன்றாகப் பழக்கிவிடுங்கள். கேட் எப்படிச் சாத்தும், கதவு எப்படித் திறக்கும், யார் எப்படித் தட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தன் வீடு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பழகின சத்தங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இதற்கான வேலைதான்.

எந்தக் கதை

நாங்கள் எடுத்தது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'குரங்கின் பாதம்'. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு அப்பா, அம்மா, ஒரே மகன். இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு ராணுவக்காரர், காய்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்றை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அது மூன்று ஆசைகளை நிறைவேற்றும். அப்பா 200 பவுண்டு பணம் கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான், இழப்பீடாகச் சரியாக அந்த 200 பவுண்டு வருகிறது. சில நாள் கழித்து அம்மா, மகன் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று அப்பாவைக் கேட்க வைக்கிறாள். ராத்திரி கதவு தட்டப்படுகிறது. அம்மா தாழ்ப்பாளோடு போராடுகிறாள், அப்பா தரையில் தடவிப் பாதத்தைத் தேடி எடுத்து மூன்றாவது ஆசையைக் கேட்டுவிடுகிறார்.

மூலக்கதையை ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியே காற்றும் மழையும், விருந்தாளி வரும்போது கேட் படாரென்று சாத்துவது, முதல் ஆசை கேட்ட நொடியில் மகன் பியானோவில் ஓங்கி அடிப்பது, கடிகார ஓசை, மாடிப்படி கிரீச்சிடுவது, எலி ஓடுவது, கடைசியில் கதவைத் தட்டும் சத்தம், சங்கிலி, தாழ்ப்பாள், நாற்காலியை இழுப்பது. பேய் ஒரு இடத்தில்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாடகத்துக்குக் கதை தேடும்போது இதைத்தான் பார்க்க வேண்டும். பயம் காதில் நடக்கிற கதையாக இருக்க வேண்டும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யையும் நாங்கள் யோசித்தோம், எனக்கு உயிர் அந்தக் கதை, ஆனால் அதில் வாசனை பெரிய வேலை செய்கிறது, வாசனையை ஒலியில் கொண்டுவர எங்களுக்கு அப்போது தெம்பு இல்லை. இன்னொரு நாள் செய்வோம்.

ரேடியோவுக்கென்றே எழுதப்பட்ட ஆரம்ப கால நாடகம் ஒன்று 1924 ஜனவரியில் பிபிசியில் வந்தது, ரிச்சர்ட் ஹியூஸ் எழுதியது, கதை நடக்கும் இடம் விளக்கு அணைந்துபோன நிலக்கரிச் சுரங்கம். கதாபாத்திரங்களுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்பவருக்கும் ஒன்றும் தெரியாது. நூறு வருஷம் ஆகியும் இந்த யுக்தி தேயவில்லை. உங்கள் கதையிலும் முக்கியமான காட்சியை இருட்டில் வையுங்கள். ஏற்காட்டில் மழை நாளில் கரண்ட் போவதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உரிமை விஷயத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் காப்புரிமை உண்டு. ஜேக்கப்ஸ் 1943-இல் இறந்தார், அதனால் 2003 முடிவோடு அது தீர்ந்துவிட்டது. புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார், அவர் கதைக்கும் தடை இல்லை. ஆனால் ஒருவர் தமிழில் மொழிபெயர்த்த புத்தகத்திலிருந்து வசனத்தை அப்படியே எடுத்தால் அது அந்த மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு. மூலத்தைப் படித்து நீங்களே எழுதுங்கள்.

ஊரை மாற்றும்போது

இங்கேதான் எங்களுக்கு ஒரு மாதம் போனது. அந்தக் காலத்து ஆங்கில வாசகருக்கு இந்தியா என்றாலே மர்மம், ஒரு பக்கிரி மந்திரம் போட்டான் என்று ஒரு வரி எழுதினால் போதும், நம்பிவிடுவார்கள். கதையை ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தால் அந்த மர்மமான தூர தேசம் நம் வாசற்படி ஆகிவிடுகிறது. உடனே எல்லாருக்கும் தோன்றும் யோசனை, மலைக் கிராமத்து மந்திரவாதி ஒருவரை வைப்பது. தயவுசெய்து வைக்காதீர்கள். அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களைச் சூனியக்காரர்களாகக் காட்டினால், வெள்ளைக்காரன் நமக்குச் செய்ததையே நாம் அவர்களுக்குச் செய்தது மாதிரி ஆகும்.

நாங்கள் இப்படி மாற்றினோம். ஏற்காட்டில் காப்பி பயிரிட்டது 1820-களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காலத்தில். அதிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் துரைமார் பங்களாக்கள் நிறைய இருந்தன. எங்கள் கதையில் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விடுகிறார்கள், ரிட்டயர்டு ராணுவ டிரைவர் ஒருவர் ஒரு டிரங்குப் பெட்டியை ஏலத்தில் எடுக்கிறார், அடியில் அந்தப் பாதம் கிடக்கிறது. எங்கிருந்தோ துரை எடுத்துவந்து, அவருக்கும் ஆகாமல், விட்டுப்போன பொருள். யார் மந்திரம் போட்டது என்று யாருக்குமே தெரியாது, அதைச் சொல்லவும் இல்லை.

அடுத்த சிக்கல் உங்களுக்கு உடனே தோன்றாது, எங்களுக்கும் மூன்றாவது வரைவில்தான் உறைத்தது. மகன் உடலை எரித்துவிட்டால் திரும்பி வர என்ன இருக்கிறது? புதைக்கிற வழக்கமுள்ள குடும்பமாக இருந்தால்தான் இந்தக் கதை நிற்கும். ஏற்காட்டில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய, அதனால் மகனுக்குச் சேவியர் என்று பெயர் வைத்தோம், எல்லாம் ஒழுங்காக அமைந்தது. குரங்கு என்றால் நம்மில் பலருக்கு ஆஞ்சநேயர் நினைவு வரும், அம்மாவாக நடித்த அக்காவுக்குக்கூட முதலில் அந்தத் தயக்கம் இருந்தது, குடும்பத்தை மாற்றியதும் அதுவும் தீர்ந்தது.

மகன் சேலத்தில் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறான். வாரம் முழுக்கக் கீழே ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸில் மேலே வருவான். விபத்துக்கு அப்புறம் உடல் இருந்த நிலையில் மேலே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கீழேயே புதைத்தார்கள். மூலத்தில் கல்லறைத் தோட்டம் வீட்டிலிருந்து இரண்டு மைல். ஆசை கேட்டும் ஒன்றும் நடக்காமல் நேரம் போகும், தட்டு கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு அந்த இரண்டு மைல் நினைவு வரும். என்னைப் பொறுத்தவரை கதையிலேயே கொடூரமான இடம் அதுதான். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. எங்கள் வசனம் இப்படி வந்தது:

அம்மா: கேட்டுச்சாங்க?
அப்பா: எலி. பரண்ல ஓடுது. நீ படு.
அம்மா: எலி இல்லைங்க. சேவியரு. அய்யோ, நான் மறந்தே போயிட்டேன் பாருங்க. கீழ இருந்து வரணும்ல. இருபது வளைவு. நடந்தே வரணும்ல புள்ள.

இந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் போர்டில் எண்ணைப் பார்த்து எண்ணியிருப்பார். அந்த ரோட்டில் ஒருவன் இருட்டில் நடந்து ஏறி வருகிறான் என்பதை அவர் மனசே படமாக்கிக்கொள்ளும். காலடிச் சத்தம் நாங்கள் ஒரு இடத்தில்கூடப் போடவில்லை.

பணத்தொகையை முழு எண்ணாக வைக்காதீர்கள். காதில் கேட்கிறவருக்கு இரண்டு லட்சம் என்றால் நிற்காது. இரண்டு லட்சத்து எழுபதாயிரம் என்று வைத்தோம், வீட்டுக் கடன் பாக்கி அவ்வளவு. முதல் காட்சியில் அப்பா ஒரு தடவை சொல்வார், மகன் கிண்டலாகத் திருப்பிச் சொல்வான், ஆசை கேட்கும்போது மூன்றாவது தடவை. மில்லில் இருந்து வந்தவர் தொகையைச் சொல்ல வாயெடுத்து "இரண்டு லட்சத்து" என்றதுமே கேட்பவருக்கு மீதி தெரிந்துவிடும்.

எழுத்தில் கவனிக்க வேண்டியது

வசனம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். கேட், முற்றம், வாசல் கதவு, நீளமான ஹால், பின்னால் படுக்கை அறை, பக்கத்தில் சமையல்கட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் எழுதுங்கள். எங்கள் கேட்டுக்குக் கீல் ஓசை, வாசல் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள் அம்மாவுக்கு எட்டாது. மூலத்திலும் அப்படித்தான், கடைசிக் காட்சியில் அம்மா எட்டவில்லை என்று அப்பாவைக் கூப்பிடுவாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போடுவாள். நாங்கள் இதை முதல் காட்சிக்கே கொண்டுவந்துவிட்டோம். சனிக்கிழமை ராத்திரி, சேவியர் வழக்கம்போல இரண்டு வேகமான தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. அம்மா ஓடிப்போய்க் கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, "மேல எட்டலைங்க, வாங்க" என்கிறாள், அப்பா முனகிக்கொண்டே எழுந்து போகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். கேட்பவர் இதைக் குடும்பக் காட்சி என்று நினைத்துக் கடந்துபோவார், ஆனால் தட்டும் தாழ்ப்பாளும் அவருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

பியானோவுக்குப் பதில் எங்கள் வீட்டில் குக்கர். அப்பா பாதத்தைக் கையில் பிடித்து ஆசை கேட்டு முடித்த நொடியில் குக்கர் விசில் வீறிட்டு அடிக்கும், எல்லாரும் துள்ளி விழுந்து சிரிப்பார்கள். மகன் போன பிறகு வரும் காட்சிகளில் சமையல்கட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது. அதை யாரும் வாயால் சொல்ல வேண்டாம்.

கண்ணால் பார்க்கிற விஷயத்தை வசனத்தில் திணிப்பதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. "அதோ பார், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் கேட்டுக்கு வெளியே தயங்கித் தயங்கி நிற்கிறார்" என்று ஒரு மனுஷியும் பேச மாட்டாள். மூலத்தில் மரணச் செய்தி கொண்டுவருபவர் கேட்டருகே மூன்று தடவை நின்று தயங்கி, நாலாவது தடவைதான் உள்ளே வருவார், அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். நாங்கள் அதைச் சத்தமாக்கினோம். அம்மா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருக்கிறாள். ஷூ காலடி வருகிறது, நிற்கிறது, கேட்டின் கொக்கி லேசாக அசைகிறது, காலடி திரும்பிப் போகிறது. புடைக்கிற சத்தம் நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது. காலடி மறுபடி வருகிறது. மூன்றாவது தடவை அம்மா "யாருங்க?" என்று மட்டும் கேட்கிறாள். இந்த ஒன்றே கால் நிமிடத்தில் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு வசனம் கிடையாது.

கதைசொல்லி வேண்டுமா என்றால், வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேறு வழியே இல்லாத இடத்தில் வையுங்கள், அதுவும் கதைக்குள் இருக்கிற ஒருவராக இருக்கட்டும்.

மூன்றாவது ஆசையை அப்பா வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஜேக்கப்ஸ் அதை எழுதவே இல்லை, மூச்சோடு மூச்சாகக் கேட்டார் என்பதோடு விட்டுவிடுகிறார். பலர் தழுவும்போது "அவன் திரும்பிப் போகட்டும்" என்று கத்த வைத்துவிடுகிறார்கள், கதையே அங்கே படுத்துவிடும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு: சத்தத்துக்கும் மௌனத்துக்கும் இடம் விட்டு எழுதினால் தமிழில் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் எங்களுக்கு ஓடியது. அரை மணி நேரத்துக்கு 2,500 சொல் தாண்டினால் வெட்டுங்கள்.

பதிவு

வீடு கிடைத்தால் வீட்டிலேயே செய்யுங்கள். ஏற்காட்டில் மே மாதம், அதுவும் கோடை விழா நேரத்தில், நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், விடிய விடிய வண்டிச் சத்தம். ஐப்பசியில் வார நாளில், ராத்திரி 11 மணிக்கு மேல் மலை அடங்கிவிடும், அப்போது தொடங்கி 3 மணி வரை வேலை பார்த்தோம். சேலத்தில் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி மாதிரி விசைத்தறி ஓடுகிற பக்கம் இருப்பவர்களுக்கு ராத்திரியிலும் தறி ஓயாது. அந்தச் சத்தத்தோடு சண்டை போடாமல் மில் காட்சிக்கு அதையே பதிவு செய்துகொள்ளுங்கள், தனியாக. பேசுவதை உள்ளறையில் வையுங்கள்.

மைக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும், ஆனால் அழுத்தாத வேவ் கோப்பாகப் பதிகிற செயலி போட்டு 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், பிறகு இரண்டு போனை ஒரே நேரத்தில் ஓட விடுங்கள், ஒன்று காலை வாரினால் இன்னொன்று இருக்கும். நாங்கள் ஒரு கையடக்க ரெக்கார்டரை இரவல் வாங்கினோம். உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கிற மாதிரி அளவு வைத்தால் கத்தும்போது உடையாது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், நேராகப் பேசாமல் கொஞ்சம் ஓரமாக. நேராகப் பேசினால் "பாதம்" என்று சொல்லும்போதெல்லாம் பகரம் மைக்கை அறையும்.

பழைய வீடுகளில் கூரை உயரம், எதிரொலி அடிக்கும். மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, கொடியில் கம்பளி தொங்கவிட்டு, மூன்று பக்கம் மறைத்தால் பாதி வேலை முடிந்தது. பிரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். பனிமூட்டத்தில் வெளியே வைத்திருந்த மைக்கை உடனே வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டால் ஈரம் கோத்துப் படபடவென்று பொரியும். எங்களுக்கு முதல் ராத்திரி ஒன்றரை மணி நேரப் பதிவு இப்படித்தான் பாழானது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்து, கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள்.

ஒவ்வொரு அறையிலும் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதியுங்கள். தொகுக்கும்போது வசனத்துக்கு வசனம் இடையில் இதைத்தான் நிரப்புவீர்கள், வெறும் மௌனத்தை வைத்தால் காது திடீரென்று அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

கடைசிக் காட்சியில் மைக்தான் அப்பாவின் காது. இதை முடிவு செய்த பிறகு எல்லாம் சுலபமானது. படுக்கை அறைத் தரையில் மைக், பக்கத்தில் அப்பா இருட்டில் தடவிக்கொண்டிருக்கிறார், விரல் நகம் சிமெண்டில் உரசுவது வரை கேட்கிறது. அம்மா அங்கிருந்து எழுந்து ஓடி, இருபத்தைந்து அடி தள்ளி உண்மையான வாசல் கதவில், உண்மையான தாழ்ப்பாளைத் தள்ளுகிறாள், அங்கிருந்தே கூப்பிடுகிறாள். தூரத்தைக் கணினியில் உண்டாக்க வேண்டாம், ஆளை நடக்க விடுங்கள். நடிப்பவர்களுக்கும் அதுதான் நல்லது. அந்த அக்கா அன்று நிஜமாகவே குதிகாலில் எம்பி எட்டாமல் மூச்சு வாங்கினார், அந்த மூச்சுதான் நாடகத்தில் இருக்கிறது.

நடிப்புக்குக் குரல் அழகான ஆட்களைத் தேடாதீர்கள். ஒருவர் குரலுக்கும் இன்னொருவர் குரலுக்கும் குழப்பம் வரக் கூடாது, அது போதும். பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாக இருக்கட்டும். மதுரைத் தமிழையோ டிவி சீரியல் தமிழையோ ஏற்காட்டு எஸ்டேட் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சத்தங்களை உண்டாக்குதல்

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது, ஜவ்வரிசி. ஒரு கிலோ ஜவ்வரிசியை மூங்கில் முறத்தில் போட்டு மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து உருட்டினால் ஓட்டுக் கூரையில் மழை. தகரத் தட்டில் கொஞ்சம் உயரத்திலிருந்து உதிர்த்தால் தாழ்வாரத்தில் சாரல். நிஜ மழையைப் பதிந்தால் பெரும்பாலும் வெறும் இரைச்சலாகத்தான் வரும், துளி துளியாகக் கேட்காது. நாங்கள் தூரத்துக்கு நிஜ மழை, பக்கத்துக்கு ஜவ்வரிசி என்று இரண்டையும் சேர்த்தோம்.

பாதம் கையில் நெளிகிற இடம்தான் எங்களை ஆட்டிவைத்தது. அப்பா அலறிக் கீழே போட வேண்டும், அதற்கு முன்னால் அது அசைந்தது கேட்பவருக்கும் தெரிய வேண்டும். மரவள்ளிக் கிழங்கு மாவை ஒரு துணிப் பையில் இறுக்கிக் கட்டி, மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் வைத்து மெதுவாகப் பிசைந்து பாருங்கள். நறநறவென்று, காய்ந்த தோலுக்குள் ஏதோ எலும்பு நகர்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அரை நொடி போதும், அதற்கு மேல் வைத்தால் கேட்பவர் என்ன பொருள் என்று ஆராயத் தொடங்கிவிடுவார்.

நடிப்பவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும், வெறுங்கையோடு பேசினால் குரலில் தெரிந்துவிடும். பெரிய சுக்குக் கொம்பு ஒன்று வாங்குங்கள். மடங்கின விரல் மாதிரி முடிச்சு முடிச்சாக, சுருங்கின தோலோடு, அச்சு அசலாக ஒரு சின்னக் கை. நிஜக் குரங்கின் உடல் பாகம் எதையும் யாரிடமும் கேட்டுப் போகாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

இனி தட்டு. முதல் காட்சியில் சேவியர் விரல் மூட்டால் தட்டுகிறான், கனமான பழைய மரக் கதவு, டக் டக், டக். கடைசிக் காட்சிக்கு அதே கதவு, அதே ஆள், அதே தாளம். கையில் மட்டும் ஈரத் துணியைச் சுற்றி உள்ளங்கையால் தட்டச் சொன்னோம். இடைவெளிகளை இரண்டு மடங்காக நீட்டினோம். மூலத்தில் முதல் தட்டு காதில் விழுந்ததா இல்லையா என்கிற அளவுக்குத்தான் இருக்கும், நீங்களும் அப்படியே வையுங்கள், கேட்பவர் ஹெட்போனைக் கழற்றித் தன் வீட்டுக் கதவையே பார்க்க வேண்டும். இரண்டாவது தட்டில்தான் தாளம் புரியும். மூன்றாவது வீடு முழுக்கக் கேட்கும். அதற்கு அப்புறம் தாளம் உடைந்து சரமாரியாக விழ வேண்டும்.

சில்வண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலை ராத்திரியில் அது ஓயாமல் இருக்கும், கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும். பக்கத்தில் ஏதாவது நடமாடினால் சட்டென்று நிற்கும், அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும். நாடகம் முழுக்க ராத்திரிக் காட்சிகளில் சில்வண்டை மெலிதாக ஓட விட்டு, முதல் தட்டுக்கு நாலு நொடி முன்னால் நிறுத்தினோம். இசை எங்கேயும் கிடையாது. அடியில் ஊம் என்று ஒரு இசையை ஓட விட்டு, இப்போது பயப்படு என்று சொல்வதைப்போல வீணான காரியம் வேறு இல்லை.

தொகுப்பு

ஆடாசிட்டி என்கிற ஒலித் தொகுப்பு மென்பொருள் இலவசம், அது போதும். பேச்சில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்று உறுமலும் மேசை அதிர்வும் போய்விடும். இரைச்சல் நீக்கும் கருவியை ரொம்ப இழுக்காதீர்கள், குரல் தண்ணீருக்கு அடியில் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மொத்த உரப்பை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதில் விழும் உரப்பை அளக்கும் அலகு) சுற்றி வையுங்கள், பாட்காஸ்டுக்கு அது பொருந்தும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அழுத்தி வைத்தால் முதல் தட்டும் மூன்றாவது தட்டும் ஒன்றுபோலக் கேட்கும், இத்தனை நாள் உழைப்பும் அந்த ஒரு பொத்தானில் போய்விடும். அதனால் குரல்களுக்கு மட்டும் லேசாக அழுத்தம் கொடுத்தோம், தட்டுகளைத் தொடவே இல்லை.

முடிந்ததும் மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். நல்ல ஹெட்போனில், போன் ஸ்பீக்கரில், ஓடுகிற பஸ்ஸில். நான் சேலம் அஞ்சு ரோட்டிலிருந்து மலை அடிவாரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது எங்கள் முதல் தட்டு சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. அதை ஒரு டெசிபல்தான் ஏற்றினோம். பஸ்ஸில் கேட்பவருக்காக அதற்கு மேல் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டோம்.

பிறகு கதையே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு இருட்டில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எதுவும் கேட்காதீர்கள், பக்கத்தில் இருந்து கவனியுங்கள். எங்கே அவர் அசைகிறார், எங்கே போனை எடுத்து மணி பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படி உட்கார்ந்தது அண்ணனின் மாமியார், கோயில் திருவிழா நாடகம் எல்லாம் பார்த்துப் பழகினவர். ஏலக் காட்சியில் இரண்டு தடவை கொட்டாவி விட்டார், அதில் ஒன்றரை நிமிடம் வெட்டினோம். அம்மா நாற்காலியை இழுத்தபோது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தொறக்காதடி" என்றார்.

கதவு திறந்து, காற்று வீட்டுக்குள் வந்து, அம்மாவின் அழுகை எழுந்து அடங்கிய பிறகு, உடனே பெயர்களைப் படிக்கத் தொடங்கிவிடாதீர்கள். வெறும் ரோட்டின் சத்தத்தை இருபது நொடி விடுங்கள். பதினைந்தாவது நொடியில் சில்வண்டு ஒன்று தொடங்கட்டும், அப்புறம் இன்னொன்று.